கத்தரிப்பூச் சுடர்

பொட்டாசியத்தை முதன்முதலில் கல்லூரி ஆய்வகத்தில்தான் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றிய பாட்டிலில் பழைய சோப்புத் துண்டு மாதிரிக் கிடந்தது. சார் அதில் கடுகளவு வெட்டித் தண்ணீரில் போட்டார். தண்ணீரின்மேல் அங்குமிங்கும் ஓடி, தீப்பிடித்து, இல்லாமல் போனது. வாழைப்பழத்தில் இருப்பதும் இதுதான் என்றார். நாங்கள் சிரித்தோம்.

பட்டம் வாங்கிய மறு வருடம் அதே பெயரை ஒரு டாக்டர் நைனாவிடம் சொன்னார்.

நைனா, என் அப்பா செங்கல்வராயன், பலமனேரிலிருந்து சென்னைக்குத் தக்காளி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டதும் லாரியை விட்டார். வாரத்தில் இரண்டு நாள் சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு டயாலிசிஸ் போய் வந்தார். அம்மா சென்னம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தாள். தம்பி கிரண்குமார் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பு அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடியது. வீட்டில் நானும் நைனாவும் மட்டும்.

நான் ஊருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் லேபில் வேலை பார்த்தேன். கூழில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வது. பேச வேண்டியதில்லை. அதனால் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்லும் மேடம் தெலுங்கில் வேகமாகப் பேசுவார். "இளநீர் வேண்டாம், தக்காளி வேண்டாம், கீரை வேண்டாம். காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பைக் குறையுங்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். அது சொல்லிவிட்டு நிற்காது."

கேட்க எனக்கு நிறைய இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

சொன்னபடி செய்வது வீட்டில் முடிந்தது. டயாலிசிஸ் நாட்களில்தான் சிக்கல். விடிவதற்குள் நைனா கிளம்ப வேண்டும். பாதி நாள் எனக்கு நைட் ஷிஃப்ட். ஆஸ்பத்திரி வாசலில் கிடைப்பது எல்லாம் சாம்பார், தேங்காய்ச் சட்னி, தக்காளி பாத். அவரே ஐந்து நிமிடத்தில் செய்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும். அதைத் தேடுவது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்பேன். பொட்டாசியத்தை மட்டும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

அலசி வேகவைத்த சுரைக்காயோடு சோறு கட்டிக் கொடுத்தேன்.

"துணி அலசற மாதிரி அலசிட்ட," என்றார் நைனா. "சுரைக்காயில இன்னா பாப்பா கீது இப்ப? அதோட பேரு மட்டும்தான் கீது."

பிரெட் வாங்கினேன்.

"ஜொரம் வந்தவன் துன்றது இது."

"உனக்கு வந்திருக்கறது ஜொரத்தவிடப் பெருசு, நைனா."

"அதுக்குன்னு நாலு பேரு பாக்க பிரெட்டத் துன்ன சொல்றியா?"

விடை பக்கத்து மேசையில் இருந்தது. என்னோடு வேலை பார்த்த சிவசங்கரிக்கு அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்கா உண்டு. அங்கே போய்வந்து ஒருநாள் டப்பாவில் உக்கானி கொண்டுவந்தாள். பொரியைத் தண்ணீரில் நனைத்து, கையால் பிழிந்து, தாளித்த வெங்காயம், மஞ்சள், பச்சை மிளகாயோடு புரட்டி எடுப்பது. நான் சாப்பிடாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, பல்லி கில்லி கீதா?" என்றாள் அவள்.

எனக்கு வேறு ஒன்று தோன்றிக்கொண்டிருந்தது. அரிசியிலேயே பொட்டாசியம் கம்மி. பொரியில் இன்னும் கம்மி. இதில் நனைத்துப் பிழியவும் செய்கிறார்கள். மேடம் காய்க்குச் சொன்னதை அனந்தபுரத்துப் பக்கத்து ஜனங்கள் பொரிக்குத் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள், வேறு காரணத்துக்கு. மேலே தூவும் பொட்டுக்கடலைப் பொடியை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

மறுநாள் உப்புப் போடாத பொரி வாங்கிவந்து செய்தேன். நைனா தட்டை எட்டிப் பார்த்தார்.

"ஆயுத பூஜையா இன்னிக்கு? லாரியக்கூட வித்தாச்சே."

ஆனால் சாப்பிட்டார். அடுத்த முறை அவரே செய்தார். லாரி ஓட்டிய காலத்தில் ஏரிக்கரைகளில் அடுப்பு வைத்துச் சமைத்தவர், தாளிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். எலுமிச்சை பிழிவது அவர் சேர்த்தது. டயாலிசிஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வாசனைக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

ஐந்தைச் சுற்றி இருக்க வேண்டிய பொட்டாசியம் அந்த வாரம் ரத்தத்தில் ஆறைத் தாண்டியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஏறியது.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. அன்றுதான் போன் செய்வாள்.

"அடுத்த மாசம் காண்ட்ராக்ட் முடியுது," என்றாள். "கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம். அடுத்த டெஸ்ட்ல எறங்கலன்னா நான் போடல. டிக்கெட் எடுத்து வந்துடறேன். நானே ஆக்கிப் போட்டுப் பாத்துக்கறேன்."

நைனா போனைப் பிடுங்கினார். "வந்துட்டு? புள்ள படிப்ப யாரு பாக்கறது? இங்க பாப்பா நல்லாத்தான் பாத்துக்கறா."

"நல்லாப் பாத்துக்கினா ஏன் ஏறுது?"

அம்மா வரவேண்டும் என்று எனக்கு ஆசைதான். நைனாவின் உயிரைக் காட்டி அவளை வரவழைக்கிற ஆசை இல்லை.

ஏன் ஏறுகிறது? நான் வரிசையாக யோசித்துப் பார்த்தேன். சோறு சரி. காய் சரி. பொரி சரி. குவைத்துக்கும் ஊருக்கும் அடிக்கடி போய்வரும் தாட்சாயணி அக்காவிடம் அம்மா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தை அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். லேபில் கணக்கு இப்படி இடித்தால் ஒரே அர்த்தம்தான். நமக்குத் தெரியாமல் குடுவைக்குள் ஏதோ விழுகிறது.

"பஸ் ஸ்டாண்டுல எதனா துன்றியா நைனா?"

"இல்ல."

"இளநி?"

"போலீசு மாதிரி கேக்காத. துன்னல, குடிக்கல."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் விஷயம் இன்னும் விநோதமாகிவிட்டது. அடுத்த டயாலிசிஸ் நாளில் லீவு போட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன்.

"வேவு பாக்க வரியா?"

"ஆமா."

"வா, வா. ஜன்னல் பக்கம் உக்காரு."

சந்திரகிரி தாண்டும்வரை தூங்கினார். வழியில் எதுவும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்து, வெள்ளையாக எதையோ பொரிமேல் தாராளமாகத் தூவினார்.

"அது இன்னா?"

"உப்பு."

"உப்பக் கொறைக்கச் சொன்னாங்க இல்ல?"

"இது அந்த உப்பு இல்ல," என்றார் நிதானமாக. "ஒங்கம்மா அனுப்பனது. தாட்சாயணி வந்தப்ப நீ ஷிஃப்டுக்குப் போயிட்ட. ஒங்கம்மா வேல செய்யற வீட்டுல பெரியவருக்கு பிபி. டாக்டருங்க அவருக்கு இந்த உப்பத்தான் எழுதிக் குடுத்துக்கீறாங்களாம். எவ்ளோ வேணா போட்டுக்கலாமாம்."

டிரைவர்கள் சமையல் சாமானைக் கையோடு வைத்திருப்பார்கள். நைனா இன்றைக்கும் உப்பையும் மிளகாய்த் தூளையும் ஷேவிங் செட்டோடு தன் பையில்தான் வைப்பார். அதனால் நான் பார்த்ததே இல்லை.

விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு. பிறகு ஒரு கசப்பு, அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

"கசக்குதே, நைனா."

"எனக்கு எல்லாமேதான் கசக்குது. வாயி அப்பிடி ஆயிடுச்சி."

"டப்பாவுல இன்னா எழுதியிருக்கு?"

"பழைய பால்பவுடர் டப்பால கொட்டி அனுப்பிச்சிக்கீறா. வெயிட்டு கொறையட்டும்னு."

எனக்கு ஒன்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை நம்பிச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. பொட்டலத்தை மடித்து வாங்கிக்கொண்டேன். "நான் பாத்து சொல்ற வரைக்கும் இதப் போடாத," என்றேன். உப்புத் தூவிய பொரியைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு, பையில் மீதியிருந்த வெறும் பொரியை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். அவர் அதைத் தின்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழைய ஹீட்டர் காயிலிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை வெட்டினேன். பாத்ரூம் கழுவும் ஆசிடில் நனைத்து, கேஸ் அடுப்பில் காட்டி, மறுபடி நனைத்து, மறுபடி காட்டினேன். சுடரில் எந்த நிறமும் வராமல் போகும் வரைக்கும். நைனா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சோர்ந்திருந்தார், ஆனால் போய்ப் படுக்க மனமில்லை.

"இன்னா பூஜை இது?"

"மொதல்ல நம்ம வீட்டு உப்பு. பாரு."

கம்பியை ஈரமாக்கி உப்பில் தொட்டுச் சுடரில் வைத்தேன். பளிச்சென்று மஞ்சள்.

"தெரு லைட்டு மாதிரி கீது."

"சரி. இப்ப அம்மா அனுப்பினது."

கம்பியைச் சுத்தம் செய்து, குவைத் உப்பில் தொட்டு வைத்தேன். ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று வந்து அடங்கியது. பிறகு நிறம் மாறியது. நான் கல்லூரிப் பரீட்சையில் ஒருமுறை பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

நைனா முன்னால் குனிந்தார். "கத்தரிப்பூவு கலரு," என்றார். "நல்லாக்கீதே. இன்னும் ஒருவாட்டி காட்டு."

இன்னும் ஒருமுறை காட்டினேன்.

"இன்னா பாப்பா அது?"

"பொட்டாசியம்."

"வாழப்பழத்துல கீறதா?"

"வாழப்பழத்துல கொஞ்சம் இருக்கு. இது பாதிக்கு மேல அதுதான்."

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அணைத்தேன்.

"ருசி இல்லன்னுதான் அதிகமாப் போட்டேன்," என்றார். "நீ எவ்ளோ அலசறியோ அவ்ளோ போட்டேன்." முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஒங்கம்மாவுக்குச் சொல்லாத," என்றார். "மறுநாளே வண்டி ஏறிடுவா. இல்லன்னா அங்க தனியாக் குந்திக்கினு அழுவா."

அடுத்த முறை மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். என் தெலுங்கு திக்கியது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இந்த உப்பைப் பற்றி இனிமேல் கேட்க வேண்டும்," என்றார். ஒரு வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஐந்துக்குப் பக்கத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை போன் வந்தபோது நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெம்பர் இன்னா?" என்றாள் அம்மா, வேறு எதுவும் கேட்காமல்.

சொன்னேன். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அந்த உப்பு தீந்திருக்கும். தாட்சாயணி வரா. இன்னொரு டப்பா குடுத்தனுப்பறேன்."

நைனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா, அத அனுப்பாத," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம், கசப்பு, சுடர்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நானா குடுத்தேன்?" என்றாள்.

"பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா இருக்கும். உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இந்தப் பெரியவரு? மூணு வேளையும் நான்தானேடி போடறேன் அவருக்கு."

"அவருக்குக் கிட்னி நல்லா இருந்தா ஒண்ணும் ஆகாது. அது வெளிய தள்ளிடும். நைனாவுக்குத் தள்றதுக்கு ஆளில்ல, அவ்ளோதான்."

"நல்லாத்தான் இருக்குதாம். போன மாசம் டெஸ்டு எடுத்தாங்க." பிறகு, "உப்பே இல்லாம இப்ப எப்பிடித் துன்றாரு?"

"பொரிய நனைச்சுப் பிழிஞ்சு தாளிக்கறோம். எலுமிச்சை விடறோம்."

"கருவேப்பிலய எண்ணெயில நல்லாப் பொரிய வுடு. கருகறதுக்கு முன்னாடி எடு. வாசன தூக்கலா இருந்தா உப்பு இல்லாதது தெரியாது."

"சரிம்மா."

"எறங்கினது எறங்கினபடி நிக்குமா?"

"நிக்கும்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப நான் வர வேணாம்."

அது கேள்வியா என்று தெரியவில்லை. வா என்றால் வந்துவிடுவாள். உப்பைப் பற்றிச் சொன்ன பிறகு நிச்சயம் வந்துவிடுவாள். அந்த ஒரு எழுத்து என் வாயில் இருந்தது.

"வேணாம்மா," என்றேன். "நாங்க பாத்துக்கறோம்."

"சரி. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

போனை வைத்தேன். நைனா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சொல்லிட்ட," என்றார்.

"சொல்லிட்டேன்."

"அழுதாளா?"

"இல்ல. கருவேப்பிலய நல்லாப் பொரிய வுடணுமாம்."

"அப்பறம்?"

"ரெண்டு வருஷம்," என்றேன்.

அவர் டிவியை அணைத்துவிட்டார்.