நோன்பு நாளில் ஒரு மீன்

வீட்டில் பயறையும் காளானையும் வைத்து ருக்சாந்த்ரா எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். வெளியே சாப்பிடப் போனால்தான் உயிர் போகும். "இறைச்சி, பால், முட்டை எதுவும் வேண்டாம்" என்றால், "அப்ப கோழி?" என்பார்கள். மூன்று வருடமாக இதே பல்லவி.

அன்று யாஷ் நகரத்து உணவகத்தில் விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தானே, அந்த ஊரில் நோன்பு இருப்பவர்கள் இறைச்சி, மீன், பால், முட்டை எதையும் தொடமாட்டார்களே என்று, "நான் நோன்பு" என்று சொல்லிவிட்டாள். பரிமாறுகிற கோஸ்டினின் முகம் கனிந்தது. மறுபேச்சில்லாமல் பீன்ஸ் மசியலும், அரிசியும் காளானும் பொதிந்த முட்டைக்கோஸ் சுருளும் வந்தன. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று நொந்துகொண்டே சாப்பிட்டாள்.

பாதி சாப்பாட்டில் கோஸ்டின் பொரித்த மீன் ஒன்றை முழுதாகக் கொண்டுவந்து வைத்தார்.

"நான் கேக்கலையே அண்ணே."

"இன்னிக்கு மாதா திருநாள்மா. நோன்பு இருக்கறவங்களும் மீன் சாப்பிடலாம். முதலாளி சும்மா குடுக்கச் சொன்னாரு."

"எனக்கு வேண்டாம்."

"அட, சாமியே சாப்பிடச் சொல்லியாச்சு. நீ யாரும்மா வேண்டாங்கறதுக்கு?"

வெந்து வெளுத்த கண்ணால் மீன் அவளையே பார்த்தது. அதை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ருக்சாந்த்ரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உண்மையைச் சொல்லிடறேண்ணே. நான் நோன்பே இல்ல."

கோஸ்டினுக்கு முகமெல்லாம் பல்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? இரு, கோழி கொண்டாறேன்!"