மிளகு அப்பா

அந்த ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. டைகர் அம்மா, ராணி மாமா, ஜிம்மி அக்கா, அவ்வளவுதான். வெளியே நீங்கள் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும், உள்ளே வந்தால் கையில் இருக்கும் நாய்க்கோ பூனைக்கோ உறவுக்காரர். நான் மிளகு அப்பா. வருடா வருடம் தடுப்பூசிக்குப் போவதால், கதவைத் திறக்கும்போதே சிஸ்டர் "வாங்க மிளகு அப்பா" என்பாள். நேருக்கு நேர் என்னை அப்பா என்று கூப்பிடுகிற இடம் அந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

இந்தத் தடவை அதே வார்த்தை காதில் விழுந்ததும் கூடையின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கூடைக்குள் இருந்தது மிளகு இல்லை.

மிளகு செத்து இரண்டு மாதமாகிறது. வயதான பூனை. ஒருநாள் காலையில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. நானே குழி தோண்டி, பின்பக்கக் குழாயடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். யாரிடம் சொல்வது? மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடம். மேல்வீட்டுக்காரரிடம் சொன்னால் "பூனைதானே சார்" என்பார். அப்படிச் சொல்லியிருந்தால் கை நீட்டியிருப்பேன்.

சொல்லவேண்டிய ஆள் என் மகள். மிளகு அவளுடைய பூனை. வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனாள். அம்மா இருந்தவரை அம்மாவிடம் பேசுவாள். அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் மிளகிடம் பேசுவாள். "காமிங்கப்பா" என்பாள், நான் போனைப் பூனைக்கு நேராகப் பிடிப்பேன். இருவரும் கொஞ்சிக்கொள்வார்கள். அந்தத் திரையில் என்னுடையது என்று ஏதாவது தெரிந்திருந்தால் அது என் கட்டைவிரல்தான். எனக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பேசிப் பழக்கமில்லை.

மிளகு செத்த வாரத்து ஞாயிறு, "தூங்குதும்மா" என்றேன். அடுத்த ஞாயிறு, "வெளிய போயிருக்கு." அதற்கடுத்து என்ன புளுகுவதென்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னலில் ஒரு தெருப்பூனை எட்டிப் பார்த்தது. அதே சாம்பல் நிறம், அதே கறுப்புப் புள்ளிகள். முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. கிண்ணத்தில் பாலை ஊற்றினேன். வெள்ளைக் காலைத் துண்டால் மூடி மடியில் வைத்துக் காட்டினேன். "ஐயோ, இளைச்சுப் போச்சே என் செல்லம்!" என்று உருகினாள். அப்பாடா என்றிருந்தது.

அதோடு விட்டாளா? போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அப்பா, சொந்த வீட்டுக்கு மாறிட்டேன். லீவு போட்டு வந்து மிளகைக் கூட்டிட்டுப் போறேன். வெறிநோய் ஊசி போட்டு, டாக்டர்கிட்ட பேப்பர் வாங்கி வைங்க."

பத்து நாள் இருப்பாளாம். அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. பூனை இல்லையென்றால் டிக்கெட்டும் இல்லை. பூனை போன பிறகு ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிடும், அதுவும் தெரியும். இருக்கட்டும். பக்கத்து அறையில் ஒருத்தி இருமுவதைப் பத்து நாள் கேட்டால் போதும் எனக்கு.

அதனால்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லை. டைகர் என்று பெயர் வைத்த நாய் பெஞ்சுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஊசின்னா எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்" என்றாள் டைகர் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தவள், "வெளிநாடு போறதுன்னா முதல்ல சிப் நம்பரைப் பாத்துடலாம்" என்றாள்.

சிப்! கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒன்று. மகள் எப்போதோ போடவைத்தது. எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

சிஸ்டர் ஒரு சின்ன மெஷினைக் கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். சத்தமே இல்லை. முதுகில் தேய்த்தாள். ம்ஹூம்.

"பேட்டரி போயிருக்கும்" என்றேன்.

அவள் வாசலுக்குப் போய் டைகர் கழுத்தில் வைத்தாள். பீப் என்றது, சனியன்.

டாக்டர் பூனையின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மிளகு பொண்ணுதானே?"

"ஆமா."

"இது ஆம்பளை."

இத்தனை நாள் மடியில் வைத்திருந்தேன். புள்ளியைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், அங்கே பார்க்கவேண்டுமென்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. வெளியே டைகர் அம்மா சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மிளகு எங்கேப்பா?" என்றாள் டாக்டர்.

"செத்துப் போச்சு." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெளியே சிரிப்பும் நின்றுவிட்டது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா. பழைய நம்பரையே எழுதிக் குடுங்க. பொண்ணு ஒருதடவை வந்துட்டாப் போதும்."

"ஏர்போர்ட்ல மெஷின் வெச்சுப் பாப்பாங்கப்பா. இவனைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க. இவன் என்ன பாவம் பண்ணான்?" அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "இவனுக்கு ஊசி போடவா, வேண்டாமா?"

"போடுங்க."

"பேரு?"

"வைக்கல. வாடின்னு கூப்பிடுவேன்."

"இனிமே வாடான்னு கூப்பிடுங்க."

ஊசி ஏறும்போது அவன் கத்தவில்லை. என் மணிக்கட்டில் நகத்தைப் பதித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். இன்று சோர்ந்து படுத்திருப்பான், பயப்படவேண்டாம் என்று டாக்டர் சொன்னாள்.

கூடையைத் தூக்கியபோது சிஸ்டர் பழக்கதோஷத்தில், "போயிட்டு வாங்க, மிளகு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்தான். அதே இடம். எனக்குப் பகீரென்றது. குனிந்து பார்த்தேன், வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன். நானாக அவளைக் கூப்பிட்டதே இல்லை.

உடனே எடுத்தாள். "என்னப்பா? மிளகுக்கு என்ன ஆச்சு?"

எனக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள். சுருக்கென்றது. ஆனாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மெஷின், குழாயடி, துண்டு, எல்லாம்.

"அப்ப நான் கொஞ்சினது?"

"தெருப்பூனைம்மா. ஆம்பளை."

அழுதாள். சின்ன வயதில் அழுததுபோலவே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். "ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டே. போனும் பண்ணமாட்டே. எனக்கு வேற யாரு இருக்கா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் நடுவிலேயே நின்று இணைப்பு போய்விட்டது. அவள் வைத்தாளா, தானாக அறுந்ததா, தெரியாது.

அவன் மறுநாளே எழுந்து பாலைக் குடித்துவிட்டு ஊர்சுற்றப் போனான். நான் ஞாயிற்றுக்கிழமைவரை காத்துக்கிடந்தேன். அன்று காத்திருக்கக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டு, போனைத் துடைத்து மேஜைமேல் வைத்து, சத்தம் கேட்கட்டுமென்று ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரம் வந்தது, போனது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உனக்கு இது வேண்டியதுதான் என்று என்னையே திட்டிக்கொண்டு ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

போன் அடித்தது. வீடியோ.

பழக்கம் எங்கே போகும்? ஜன்னலில் இருந்தவனை அள்ளிக்கொண்டு வந்து திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன், வெள்ளைக் காலை மறைக்காமல். "இவன்தாம்மா அவன்."

"பூனையைக் கீழ விடுங்கப்பா."

"ஏம்மா, கோவமா?"

"உங்க மூஞ்சி தெரியல."

விட்டேன். அவன் குதித்து ஓடிவிட்டான். திரையில் நான் மட்டும் இருந்தேன், வியர்வையும் சவரம் செய்யாத தாடியுமாக, எங்கே பார்ப்பதென்று தெரியாமல். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னும் இல்லம்மா" என்றேன்.