கட்டிப் புரளுற வகுப்பு

“ஆம்பளைங்களோட பாயில கட்டிப் புரளுறதுக்குப் பேரு தற்காப்பா?” அம்மா போட்ட சத்தம் மாடிப்படி வழியாகக் கீழ்வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் மாடியில் சண்டை என்றால் முதல் மாடியில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் அது ஒரு மரியாதை.

“புடிக்க வர்றவன் ஆம்பளைதானேம்மா. பின்ன யார்கூடப் பழகுறது?” என்றாள் மகள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கும் காதுக்கும் பொருந்த ஃப்ரேமை வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. நிதானமான கை. வாய் அப்படியில்லை.

ஐந்தாம் மாடியில் ஒருவன். ஆள் வருமுன் வாசனை வந்துவிடுவதால் சென்ட் பாட்டில் என்று பெயர். லிஃப்டில் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துவிட்டு, “தெரியாமப் பட்டுடுச்சு” என்றான். அடுத்த முறை அதைக்கூடச் சொல்லவில்லை. அம்மா கண்ட வைத்தியம், வேலையை விட்டுவிடுவது. அண்ணன் கண்டது கராத்தே. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மஞ்சள் பெல்ட்டை வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டியிருப்பவன் வேறென்ன சொல்வான்?

வேலையை விடுவதாக இல்லை அவள். ஒவ்வொரு இடமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள்: பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் என்ன செய்வது?

பெண்களுக்கு மட்டுமான கராத்தே வகுப்பில் சால்வை போர்த்துவதுபோலப் பிடித்து, “வலிக்குதாக்கா?” என்று விசாரித்தார்கள். குத்துச்சண்டைக்காரர், “புடிக்க விடாதம்மா, முன்னாடியே குத்திடு” என்றார்.

“அவன் முன்னாடி வந்து நின்னா நான் ஏன் சார் இங்க வர்றேன்?”

பாயில் கட்டிப் புரண்டு பழகும் ஜூஜிட்சு கூடத்தில் பேச்சே இல்லை. அங்கே பழக வந்திருந்த, பார்சல் கொண்டுபோகும் தடியன் ஒருவனிடம் அவளைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தான். அவளால் இம்மிகூட அசைய முடியவில்லை. அன்றே சேர்ந்துவிட்டாள்.

“பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்னடி சொல்றது?”

“கீழ விழப் படிக்கிறான்னு சொல்லு.”

அம்மா விடுவாளா? வகுப்பு நாளாகப் பார்த்து அவளுடைய உடுப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். மகள் அண்ணனுடைய பழைய கராத்தே உடுப்பை மாட்டி, ஆணியிலிருந்த மஞ்சள் பெல்ட்டையும் இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அண்ணனுக்குத்தான் நெஞ்சு வலித்தது.

சில மாதம் கழித்து, வேலை முடிந்து வந்தவளோடு சென்ட் பாட்டிலும் லிஃப்டில் ஏறினான். கதவு மூடியதும் பழைய பிடி. அவள் சட்டென்று குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தெரிந்த அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி மேலே இழுத்தாள். சுவரில் வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்தான் அவன். மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது எதிரே குப்பைக்கூடையோடு அம்மா. அவன் கால் இன்னும் மகள் கையில்.

“ஆன்ட்டி, உங்க பொண்ணு…”

அம்மா இருவரையும் பார்த்தாள். “எந்திரிச்சுப் படியில ஏறிப் போ. எனக்குக் கீழ போகணும்.”

மறுநாளிலிருந்து வகுப்பு உடுப்பு இஸ்திரி போட்டுக் கட்டிலில் இருந்தது.

சென்ட் பாட்டில் குடும்பம் சீக்கிரமே வீடு மாறியது. தண்ணீர் சரியாக வரவில்லையாம். மற்ற வீடுகளில் வந்துகொண்டுதான் இருந்தது. பார்சல்காரனுக்கும் அவளுக்கும் முடிச்சுப் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்; அவன் கல்யாணம் செய்துகொண்டது கராத்தே வகுப்பு டீச்சரை. கண்ணாடிக் கடைக்காரியை இரண்டு பேர் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இருவரையும் வேண்டாமென்றது அம்மா.