எண்ணூறு வாக்கியங்கள்

பேருந்து ஓட்டுநருக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன் மூன்று வாரம், தினமும் மனைவியோடு பேச்சுப் பயிற்சி மையத்துக்கு வந்து எண்ணூறு வாக்கியங்களை வாசித்தார். அந்தப் பதிவை வைத்து, பின்னால் அவர் தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும் கருவி தயாராகும் என்பது ஏற்பாடு.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட இவ்வளவு பேசினதில்ல," என்று சிரித்தாள் மனைவி.

அவர் வாசித்ததைப் பதிவு செய்த பயிற்சியாளர் பொறுமைசாலி. கணினியோடு மட்டும்தான் அவருக்கு ஒத்துவராது. வாசிப்பின் நடுவே வைரஸ் தடுப்பு மென்பொருள் டிங்கென்று எச்சரிக்கும். ஓட்டுநர் இருமிக்கொண்டே மறுபடி வாசிப்பார். பார்க்கச் சகிக்காமல் பயிற்சியாளர், கணினிகளைப் பராமரிப்பவளைக் கூப்பிட்டார்.

"பாஸ்வேர்டைக் குடுத்துடுங்கம்மா. நானே நிறுத்திக்கறேன்."

அவளுக்கு நான்கு மையங்கள், ஓயாத அழைப்புகள். "முடிஞ்சதும் மறக்காம ஆன் பண்ணிடுங்க மேடம். ஹார்டு டிரைவுல நகல் எடுத்ததும் அதைக் கழட்டி வெச்சிடுங்க," என்று சொல்லி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டும் நடக்கவில்லை. அறுவை முடிந்த ஐந்தாம் நாள், பார்சல் ரசீது என்று வந்த மின்னஞ்சலைப் பயிற்சியாளர் திறந்தார். அதில் வந்த வைரஸைத் தடுக்க எதுவும் இல்லை. அரை மணியில் கோப்புகளெல்லாம் பூட்டிக்கொண்டன. செருகியபடியே கிடந்த டிரைவில் இருந்த நகல்களும் சேர்ந்து போயின.

பராமரிப்பவள் இரண்டு நாள் முட்டி மோதினாள். ஒரு வாக்கியம்கூட மீளவில்லை. பயிற்சியாளரோடு மருத்துவமனைக்குப் போய் மனைவியிடம் அவள்தான் சொன்னாள்.

"வீட்ல வேற பதிவு ஏதாவது இருக்காக்கா?"

"ஒரு நகல் நானும் வெச்சுக்கட்டுமான்னு கேட்டேன். மையத்துலயே பத்திரமா இருக்கும்னு மேடம்தான் சொன்னாங்க."

கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், காற்றுதான் வந்தது. தாளை வாங்கி எழுதினார்: 'அவங்களைத் திட்டாதே. நல்லவங்க.' பயிற்சியாளர் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

கருவி வந்தது, யாரோ ஒரு வாலிபனின் குரலோடு. அது பேச ஆரம்பித்தால் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாளாம்.

அடுத்த மாதம் பயிற்சியாளர் அழைத்தார். "புதுக் கம்ப்யூட்டர் அப்டேட் கேட்டுட்டே இருக்கும்மா. பதிவுக்கு ஆள் காத்திருக்காங்க, பாவம். இன்னிக்கு ஒருநாள் மட்டும் எல்லாத்தையும் நிறுத்திக்கட்டுமா?"

"வேண்டாம் மேடம்."

"சரிம்மா," என்றார் பயிற்சியாளர்.

அந்தச் 'சரி'யை அவளால் நம்ப முடியவில்லை.