மேல்வீட்டு நியூட்ரல்

வீரமலைக்குக் கரண்ட் வேலை தெரியும். அதாவது, தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். காந்தி மார்க்கெட்டில் சேனையும் மரவள்ளியும் மொத்தமாக விற்கிற மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் முகம் சிவந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் அவர் தெருவில் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக முதலில் போய் நிற்பவர் அவர்தான்.

அவர் கடை எலக்ட்ரானிக் தராசே இரண்டு நாளாகத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போது தானே கழற்றிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று பாலக்கரை எலக்ட்ரீஷியன் நிஜாமுதீனை வரவழைத்திருந்தார்.

நிஜாமுதீன் ஒரு குண்டு பல்பில் இரண்டு ஒயரை மாட்டி வைத்திருந்தார். ஒன்றைப் ப்ளக்கில் கரண்ட் வருகிற பேஸ் ஓட்டையிலும் மற்றதை அது திரும்பிப் போகிற நியூட்ரலிலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எடுத்து எர்த்தில் வைத்ததும் உள்ளே இழை மட்டும் லேசாகச் சிவந்தது.

"பாத்தீங்களாண்ணே? கசியிற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கிவிடத்தான் எர்த்து. உங்க கடை எர்த்து செத்துக் கிடக்கு."

"எங்க வீட்டு எர்த்து அப்படி இல்ல பாய்," என்றார் வீரமலை, சும்மா இருக்க முடியாமல். "போன மாசம் மேல்வீட்டுக்கு நியூட்ரல் போயிடுச்சு. நம்ம வீட்ல குடியிருக்கிற நர்ஸ் புள்ள பானுமதி, ஃபிரிட்ஜ்ல மாவு புளிக்குதுன்னு வந்து நின்னுச்சு. மேல்வீட்டு நியூட்ரல் ஒயரை எடுத்து எர்த்துல முறுக்கி விட்டேன். ஜம்முனு ஓடுது!"

நிஜாமுதீன் பல்பைக் கீழே வைத்தார்.

"எர்த்தை எங்க இறக்கியிருக்கு?"

"பழைய வீடு. தண்ணிக் குழாயிலதான் செம்புக் கம்பியைச் சுத்தியிருக்கு. இரும்புக் குழாய், மண்ணுக்குள்ளயே தெரு வரைக்கும் போகுது."

"அந்த இரும்பு இருக்கிறதால தப்பிச்சீங்க. மேல்வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போற கரண்ட் அது வழியாத்தான் திரும்பி மண்ணுக்குப் போகுது. நடுவுல எவனாச்சும் பிளாஸ்டிக் குழாயைச் சொருகினான்னு வெச்சுக்கங்க, போக வழி இருக்காது. அத்தனையும் உங்க வீட்டுக் குழாயில வந்து நிக்கும். ஈரக் கையோட தொட்டா ஆளு அவுட்டு."

மத்தியானம் மனைவி வெள்ளையம்மாள் போனில் சொன்னது அப்படியே வீரமலையின் காதில் வந்து நின்றது.

"இன்னிக்குத்தான் நம்ம ஸ்ரீரங்கத்துல சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கட்டாச்சே, சும்மா இருப்பானேன்னு பிளம்பரைக் கூப்பிட்டேன். வாசல்ல துருப்பிடிச்ச குழாயை வெட்டி எறிஞ்சிட்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போட்டாச்சு. உடம்பெல்லாம் சிமெண்டு. பாத்ரூம் ஒரே இருட்டு, கரண்ட் வந்ததும் குளிச்சிக்கிறேன். போன்ல சார்ஜ் இல்ல, வெச்சிடறேன்."

வீரமலை அவள் நம்பரைப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். பானுமதி டியூட்டியில் இருந்தாள். அவள் போன் அடித்து அடித்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுகுத்துக்குத் துறையூர் போயிருந்தார்கள். கல்லாவைக்கூடப் பூட்டாமல் நிஜாமுதீனின் பைக்கில் ஏறினார்.

காவேரிப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ்ஸாக நின்றது. கீழே ஆறு நிறையத் தண்ணீர். என்றைக்கும் எட்டிப் பார்க்கிற வீரமலை அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கரண்ட் இல்லேன்னதும் அந்தப் புள்ள ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கும்ல, பாய்?"

"யாருண்ணே பண்றா? காலைலேர்ந்து உள்ள சூடேறிக் கிடக்கும். கரண்ட் வந்த உடனே ஓடத்தான் பாக்கும்."

வெள்ளையம்மாள் முழங்கால் வலிக்காரி. குளிக்கும்போது முக்காலியில் உட்காருவாள். எழும்போது குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். தான் முறுக்கிய ஒயர்தான் அவளைக் கொல்லப்போகிறது என்று வீரமலைக்குத் தோன்றியது. "ஓரமா போ பாய், ஓரமா போ," என்று முன்னால் இருந்தவரின் தோளை அழுத்திக்கொண்டே இருந்தார்.

பாலம் இறங்கினார்கள். அம்மா மண்டபம் சாலை முனையில் ஜூஸ் கடை மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வர வேண்டிய கரண்ட் அதற்கு முன்பே வந்துவிட்டது.

வீட்டு வாசலில் பைக் நிற்பதற்குள் குதித்தார். கூடத்தில் ஃபேன் சுற்றியது. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம்.

"வெள்ளையம்மா! குழாயைத் தொடாதே!"

தலையில் தண்ணீர் விழுகிறவளுக்கு என்ன கேட்கும்? நடையில் இருந்த மெயின் ஸ்விட்சைப் பாய்ந்து இறக்கினார். ஃபேன் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"யாரது? கரண்ட் போயிடுச்சா?" என்றாள் அவள் உள்ளேயிருந்து. முக்காலி தரையில் கிறீச்சிட்டது. இருட்டில் அவள் எழப்போகிறாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இறக்கியது கீழ்வீட்டு மெயின். ஃபிரிட்ஜ் ஓடுவது மேல்வீட்டு மெயினில்.

பக்கத்திலேயே இருந்த அந்தத் துருப்பிடித்த கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினார். "முருகா!" என்று கத்தியபடி மறுபடி இழுத்தார். கைப்பிடி தடாலென்று இறங்கியது.

உள்ளே ஏதோ உருண்டது. பிறகு சத்தமே இல்லை.

"வெள்ளையம்மா?" கதவைத் தட்டினார். "அம்மாடி, வெள்ளையம்மா?"

"செத்த இருங்க! இருட்டுல பக்கெட்டை உதைச்சுட்டேன்!"

வீரமலை கதவிலேயே சாய்ந்து அழுதுவிட்டார். ஈரத் தலையும் சுற்றிய புடவையுமாக அவள் வெளியே வந்தபோது, திட்ட நினைத்ததை மறந்து அவரையே பார்த்தாள்.

"குழாயைத் தொட்டியா?"

"இப்பதான் பிடிச்சு எழுந்தேன். அதுக்கு முன்ன எதுக்குத் தொடறேன்? கரண்ட் கட்டு நாளாச்சேன்னு காலையிலயே பக்கெட்டுல பிடிச்சு வெச்ச தண்ணிதானே."

நிஜாமுதீன் இருவரையும் கூடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு மெயினையும் ஏற்றினார். கையோடு கொண்டுவந்த பல்பின் ஒரு ஒயரைக் கூடத்து ப்ளக்கின் நியூட்ரலில் வைத்தார். மற்றதைப் பாத்ரூம் குழாயின் திருகில் தொட்டார்.

பல்பு எரிந்தது.

தண்ணீர் வருகிற குழாயிலிருந்து விளக்கு எரிவதை வெள்ளையம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள். பிடித்து எழுந்த வலது கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"இதை இப்படி யாரு கட்டினது?"

நிஜாமுதீன் மெயின்களை இறக்கப் போனார். வீரமலைதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"நான்தான்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அங்கே நிற்க முடியாமல் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

"இப்பவே அவுத்துடறேன்."

"நீங்க தொடாதீங்க," என்றாள் வெள்ளையம்மாள். அவர் கையிலிருந்து அதை வாங்கி நிஜாமுதீனிடம் கொடுத்தாள். "பாய் அவுக்கட்டும். பானு டியூட்டி முடிஞ்சு வந்ததும் நேரா குளிக்கத்தான் போகும். மேல அதுக்கும் இதே குழாய்தான். அது வர்ற வரைக்கும் வாசல்ல நில்லுங்க. நடந்ததை நீங்களே அதுகிட்ட சொல்லுங்க."

வீரமலை வாசலில் போய் நின்றார்.