முப்பத்திரண்டாம் புள்ளி

வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருந்த சர்ஜோனோவின் தலைமாட்டில் அவர் மனைவி துமினி உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மகன் பிராப்தோ, லாரி ஓட்டும் சீருடையைக்கூட மாற்றாமல். சுவரோரம், சடங்கை நடத்தித்தரும் மோடின் சுக்ரி. நிலைப்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக வாத்துக்காரர் தார்மோ. வெளியே தார்ப்பாய்க்கு அடியில் இரவல் நாற்காலிகளில் மற்ற ஆண்கள். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகள் வூர்யானி, கையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக அவர்களை எண்ணினாள். முப்பத்தெட்டு.

சுமுர்வாருவில் வீடுகள் நாற்பத்தொன்று. வீட்டுக்கு ஒருவர்: வெளியே முப்பத்தெட்டு, உள்ளே மோடின், தார்மோ, அப்பா. கணக்குச் சரியாக இருந்தது.

மனுவில் கையெழுத்து வாங்க இவர்களையெல்லாம் மூன்று வாரமாக அப்பாவால் ஒரே இடத்தில் சேர்க்க முடியவில்லை; அப்பாவின் சாவு அதை ஒரே காலையில் செய்துவிட்டது. கிழக்கே புதிய நகரம் எழும்ப ஆரம்பித்ததிலிருந்து ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கே முறை வைத்து வேலை செய்தார்கள். ஒருவன் வரும்போது இன்னொருவன் போய்விடுவான். நேற்று மாலை கட்டிலில் சாய்ந்தபடி அப்பா கேட்டிருந்தார்.

"இன்னும் எத்தனை கையெழுத்து?"

"பன்னெண்டுப்பா."

"நாளைக்குக் கடைசி நாளு."

"தெரியும். நீங்க தூங்குங்க."

விடியற்காலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவர் எழவில்லை.

புதிய நகரத்துக்குப் போகும் சாலை வேண்டாமென்று மனுவில் எங்கும் எழுதவில்லை. சாலை வரட்டும். ஆனால் ஊருக்கும் இடுகாட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் கரை எழுப்பி அது போகப்போகிறது; இடுகாட்டுக்குப் போக அதன் அடியில் ஒரு வழி விட வேண்டும், மனு கேட்பது அவ்வளவுதான். அரசு வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை. வீடு இல்லை, கிணறு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. ஆளில்லாத இடத்தில் கரைக்கு அடியில் வழி விடுவானேன்? அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்பே அப்பா ஒரு படம் வரைந்தார். வீட்டுக்கு ஒரு கட்டம், கல்லறைக்கு ஒரு புள்ளி. நாற்பத்தொரு கட்டம், முப்பத்தொரு புள்ளி. அவர் சொல்லச் சொல்ல மனுவை எழுதியவள் வூர்யானி. ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் கையெழுத்திட்டு, மனு இன்று நான்கு மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் சேர வேண்டும். மண்சாலையில் அது இரண்டரை மணி நேர வழி.

பாடையைத் தூக்குவதற்கு முன் மோடின் வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சொல்லுங்க, இவர் நல்லவரா?"

"நல்லவர்!"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தார்மோவின் குரல்தான் உரக்க வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் வரைந்த நாளிலிருந்து தார்மோ அப்பாவோடு பேசியதில்லை.

இடுகாட்டுப் பாதையின் குறுக்கே சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள் வரிசையாக நின்றன. பாடை அவற்றின் மேலாகப் போனது. பின்பக்கம் தூக்கியிருந்த பிராப்தோ குனிந்து பார்த்துக் கால் வைத்தான். அந்தக் குச்சிகள் குறிக்கும் சாலைக்கரைக்கு லாரியில் மண் கொண்டுவரப்போகிறவனும் அவன்தான்.

திரும்பி வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டாகப் போயிற்று. வூர்யானி கையைத் துடைத்துக்கொண்டு மனுவையும் பேனாவையும் எடுத்து வந்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். அம்மா தலையை அசைத்தாள். அது போதும்.

ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள். சோற்றுக்கையோடு இருந்தவர்கள் கை கழுவி வந்து போட்டார்கள். பதினொன்று முடிந்தது. பேனா தார்மோவிடம் வந்தது. அவர் வாங்கவில்லை.

"இன்னைக்கு வேணாம்மா."

"பக்தே, இன்னைக்கு விட்டா..." பெரியப்பா முறையில் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

"எனக்குத் தெரியாதா? இன்னைக்கு வியாழன், அஞ்சு நாள் சந்தைக் கணக்குல பஹிங். அப்பன் செத்த கிழமையும் அந்தச் சந்தை நாளும் சேர்ந்து வர்ற நாள்ல பிள்ளைங்க நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆயுசுக்கும் கூடாது. நீ இன்னைக்கே அனுப்புறேங்கிற."

ஏற்கெனவே கையெழுத்திட்ட இரண்டு பேர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், திருப்பி வாங்கிவிடலாமா என்பதுபோல.

"உங்களுக்கு அந்தக் கோவம் பக்தே" என்றான் பிராப்தோ. "வீட்டைச் சின்னதா வரைஞ்சுட்டாரேன்னு."

"கோவந்தான்டா! என் வீட்டைவிட வாத்துக் கொட்டகையைப் பெருசாப் போட்டான். ஏன்டான்னா, 'வீட்டுல நீ ஒருத்தன், கொட்டகையில இருநூறு பேரு'ங்கிறான்." யாரோ சிரித்து இருமலாக்கிக்கொண்டார்கள். தார்மோவின் குரல் இறங்கியது. "அது வேற, இது வேற. இந்த வீட்டுக்கு இன்னொரு கெடுதல் வந்துடக் கூடாது. அவ்ளோதான்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது வூர்யானிக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியது.

உள்ளேயிருந்து துமினி எழுந்து வந்தாள். காலையிலிருந்து அவள் பேசியது அதுதான் முதல்.

"ஆரம்பிக்கத்தானே கூடாது?"

"ஆமா."

"இதை ஆரம்பிச்சது யாரு? நானா, இவளா? அந்த மனுசன் ரெண்டு வருசமா ஆரம்பிச்சு வெச்சிருக்காரு. முடிக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா? மோடின், நீங்க சொல்லுங்க."

மோடின் வாயிலிருந்த கிழங்கை விழுங்கினார். "எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"உங்களுக்குத் தெரியாதது வேற எவனுக்குத் தெரியும்" என்றார் தார்மோ எரிச்சலாக. பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"கொட்டகையை வேணா மாத்தி வரைஞ்சுடறேன் பக்தே" என்றாள் வூர்யானி. "ரெண்டு நிமிசம்தான்."

"தொடாத." கையெழுத்தைப் போட்டுவிட்டு படத்தின் மேல் குனிந்தார். "அவன் போட்டபடியே இருக்கட்டும்."

பிராப்தோ தாளைப் புரட்டினான். "அக்கா, மொதல் கையெழுத்து அப்பாவோடது. இறந்தவங்க பேரு இருந்தா மொத்தத்தையும் செல்லாதுன்னுடுவாங்க."

அவள் அதை ஏற்கெனவே யோசித்திருந்தாள். அளவுகோலை வைத்து அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள், எழுத்து தெரியும்படி. பக்கத்தில் தேதியிட்டு, 'இன்று காலமானார். காண்க: வரைபடம், புள்ளி 32' என்று எழுதினாள். படத்தில் இடுகாட்டின் தென்மூலையில், சரியான இடத்தில், புள்ளியை வைத்தாள். அப்பாவின் புள்ளிகளைவிட அது கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

பிறகு கீழே புதிதாக எழுதினாள். வீட்டு எண் ஒன்று. குடும்பத் தலைவர்: துமினி.

"நானா?"

"நீங்கதாம்மா."

துமினி முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுத்துகளைத் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்து, எழுதி முடித்தாள். நாற்பத்தொன்று.

உறையின் பசை காய்ந்து போயிருந்தது. வூர்யானி அடுக்களைக்குப் போய் சோற்றுப் பானையிலிருந்து நாலு பருக்கையை எடுத்து, உறையின் விளிம்பில் நசுக்கித் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள். பிராப்தோ அதைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"மெதுவாப் போ. ஆனா நாலு மணிக்குள்ள போ" என்றார் தார்மோ.

"ரெண்டுல எது பக்தே?"

"போடா."

பைக் சேற்றில் வழுக்கி, நிமிர்ந்து, முளைக்குச்சிகளுக்கு இடையே புகுந்து அந்தப் பக்கம் ஏறியது. சத்தம் தேயும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. வூர்யானியின் கட்டைவிரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்காமல், விட்டுவந்த தேங்காய் மூடியைக் கையில் எடுத்தாள்.