எங்க குடும்பத்துல கிடையாது

பிள்ளைக்கு முதல் தடவை வலிப்பு வந்ததிலிருந்து அவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. பிள்ளை தூங்கினால் நெற்றியைத் தொடுவாள், அழுதால் தொடுவாள், சும்மா இருந்தால் அதற்கும் தொடுவாள். தெர்மாமீட்டர் வைத்து வைத்துப் பிள்ளையின் அக்குளே சிவந்துவிட்டது. “நீ கவனிச்சிருந்தா வந்திருக்குமா?” என்று புருஷன் ஒரு வார்த்தை விட்டிருந்தான். விட்டவன் மறந்துவிட்டான். கேட்டவளால் முடியுமா?

டாக்டரம்மா அவளைக் குறை சொல்லவில்லை. ஒன்றரை வயது ஆவதற்குள், லேசான சூட்டிலேயே, காய்ச்சல் தொடங்கிய கையோடு வந்திருப்பதால் மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். “அப்பா அம்மாவுக்குச் சின்ன வயசுல இப்படி வந்திருக்கா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். புருஷன் கூட வந்திருந்த அக்காவைப் பார்த்தான். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள்.

“எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாது,” என்றாள் நாத்தனார் பட்டென்று.

அப்படியானால் மிச்சம் யார்? கவனிக்காத அம்மாதான். பஸ்ஸில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் பிள்ளையைப் பார்க்க நாத்தனார் வந்திருந்தாள். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று கண் மேலே செருகிக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. தொட்டால் உடம்பு லேசாகச் சுட்டது. அவள் அலறியடித்துக்கொண்டு கரண்டியைத் தேடி ஓடினாள்.

“வாய்ல எதையும் வைக்காத. கையையும் பிடிக்காத.”

நாத்தனார் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள், வாயோர நுரையைத் துடைத்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தாண்டாது.”

தாண்டவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்து அழுது, அப்படியே அசந்துவிட்டான்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?”

நாத்தனார் பிள்ளையின் தலையைக் கோதிவிட்டாள். “உன் புருஷனுக்கு எத்தன தடவ பாத்திருக்கேன். அவனுக்கே தெரியாது. சொன்னா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு மறைச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல.”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டுதான் வந்தது. கத்துவதற்குத் தெம்பில்லை.

“எப்போ நின்னுச்சு?”

“ஸ்கூல்ல சேத்த வருஷத்தோட சரி.”

எருமை மாதிரி வளர்ந்து நிற்கும் புருஷனை நினைத்தாள். அவனுக்கு வந்ததுதான் இவனுக்கும். முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

“சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டணும். அங்க நீங்களே சொல்லுங்க அண்ணி. உங்க தம்பிகிட்டயும் நீங்களே சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“அதுவரைக்கும் இவனப் பாத்துக்குங்க,” என்று வெறுந்தரையில் சாய்ந்தாள். நாத்தனார் தலையணை எடுத்து வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.